பத்து ராகங்கள், ஒரு டிஸ்கோ தாளம்: மறக்கப்பட்ட ஓர் இசைத்தட்டு நமக்குச் சொல்லித் தருவது

1982ஆம் ஆண்டு பம்பாயில் ஓர் இசைக்கலைஞர் மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்துப் பதிவு செய்தார். பாடகர் இல்லை. தபேலா இல்லை. சித்தார், புல்லாங்குழல், வயலின் எதுவும் இல்லை. நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. முத்திரையோடு கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அதை இசைத்தட்டாக வெளியிட்டது. தட்டின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று பொருள். வாசித்தவர் சரண்ஜித் சிங்.

தட்டு அப்போது யாருடைய கவனத்தையும் பெரிதாக ஈர்க்கவில்லை. சில ஆண்டுகளில் பழைய தட்டுக் கடைகளின் குவியலுக்குள் போய்ச் சேர்ந்தது. 20 ஆண்டுகள் கழித்து, 2002இல், நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் என்ற சேகரிப்பாளரின் கையில் அதன் ஒரு பிரதி டில்லியில் கிடைத்தது. அவர் மும்பைக்குச் சென்று சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்தார். 2010இல் தம் ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனத்தின் வழியாக அந்த இசைத்தட்டை மறுபடியும் வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் உள்ள மின்னணு இசை ரசிகர்கள் அதைத் தேடித் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள். எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங், ஐரோப்பிய மேடைகளில் அந்த இசையை இளைஞர்கள் முன்னிலையில் வாசித்தார். 2015 ஜூலையில் அவர் மும்பையில் காலமானார்.

மாணவர்களே, இந்த இசைத்தட்டை நீங்கள் ஒருமுறையாவது முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு மாணவனின் கேள்வி

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலருக்குக் கீபோர்டு சொல்லித் தருகிறேன். அண்மையில், படிவம் 5 படிக்கும் மாணவன் ஒருவன் பயிற்சிக்கு இடையில் கையை எடுத்துவிட்டுக் கேட்டான்: “அக்கா, போன்ல ரெண்டு வரி எழுதிப் போட்டா ஏ.ஐ. முழுப் பாட்டே போட்டுக் கொடுக்குது. அப்புறம் நான் எதுக்கு இந்த சரளி வரிசையை உட்கார்ந்து பழகணும்?”

நியாயமான கேள்வி. எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது, டியூஷன், புறப்பாடம், வீட்டு வேலை என்று நேரம் குறைவு. பயன் இல்லாத ஒன்றை ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு மாணவன் கேட்டால், “இசை தெய்வீகம்” என்று சொல்லி வாயடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குப் பதிலாக இந்த இசைத்தட்டைப் போட்டேன். ஏனென்றால் இதே கேள்வி, வேறு வடிவத்தில், 1982இல் சரண்ஜித் சிங்கின் முன்னாலும் இருந்தது.

அவர் பம்பாய்த் திரையிசை உலகில் பல ஆண்டுகள் உழைத்த வாத்தியக் கலைஞர். பேஸ் கிட்டார், கிட்டார், கீபோர்டு எனப் பல கருவிகள் வாசித்தவர். ஆர்.டி.பர்மன் உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் பதிவுகளில் பங்கேற்றவர். திரையில் பெயர் வராத, ஆனால் பாட்டின் முதுகெலும்பாக நின்ற நூற்றுக்கணக்கான கலைஞர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் புதிதாக ஒரு சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயர் டிபி-303. அதன் வேலை, பேஸ் கிட்டார் வாசிப்பவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக பேஸ் வாசிப்பது. அதாவது, சரண்ஜித் சிங் செய்துவந்த வேலையையே செய்யும் இயந்திரம்!

அவர் அதைக் கண்டு ஒதுங்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து, தாமே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்.

மூன்று பெட்டிகள்

இந்த இசைத்தட்டில் ஒலிக்கும் கருவிகள் மூன்று. மூன்றும் ரோலண்ட் தயாரிப்புகள்.

முதலாவது டிஆர்-808. 1980இல் வந்த தாள இயந்திரம். இதில் உண்மையான மேளத்தின் ஒலிப்பதிவு எதுவும் இல்லை. மின்சுற்றுகளே ஒலியை உண்டாக்குகின்றன. முன்பலகையில் வரிசையாக 16 பொத்தான்கள். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை என நிறத்திற்கு நான்காக அவை பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். நான்கு அடிகள், அடிக்கு நான்கு உட்பிரிவுகள். மிருதங்கம் கற்பவர்கள் இதைக் கேட்டதும் சொல்லிவிடுவார்கள், இது சதுஸ்ர நடை என்று. ‘தகதிமி’யை நான்கு முறை சொன்னால் அந்தப் பலகையை இடமிருந்து வலமாக ஒருமுறை கடந்துவிடலாம்.

இரண்டாவது, மேலே சொன்ன டிபி-303. வெள்ளி நிறச் சிறு பெட்டி. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். இதற்குள் சுரங்களைப் பதிவு செய்வது எரிச்சலூட்டும் வேலை என்று பெயர் பெற்றது. சுரங்களை முதலில் ஒரு முறையில் பதிய வேண்டும். அவை எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை வேறொரு முறையில் தனியாகப் பதிய வேண்டும். ஒரு பாட்டின் சுரத்தையும் காலத்தையும் இரண்டாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு இந்தப் பெட்டி அடங்காது. விற்பனை சரியில்லாததால் 1984இல் இதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது ஜூபிட்டர்-8. 1981இல் வந்த பெரிய சிந்தசைசர். 61 கட்டைகள். ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்கள் வரை ஒலிக்கும். ராகத்தின் மெட்டைச் சரண்ஜித் சிங் தம் விரல்களால் வாசித்தது இதில்தான்.

இக்கருவிகளின் உள்ளே என்ன நடக்கிறது? இயற்பியல் பாடத்தில் அலைகளைப் படித்தவர்களுக்கு இது கடினம் இல்லை. 110 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு சுரத்தை எடுத்துக்கொள்வோம். ரம்பப் பல் போன்ற வடிவம் கொண்ட அலையாக அதை உருவாக்கினால், 110 மட்டும் ஒலிக்காது. 220, 330, 440 என அதன் எல்லா மடங்குகளும் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கும். சதுர வடிவ அலையாக உருவாக்கினால் 110, 330, 550 என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே ஒலிக்கும். அதனால்தான் ஒன்று வயலின்போல் கூர்மையாகவும், மற்றொன்று கிளாரினெட்போல் உள்ளீடற்றும் கேட்கிறது. டிபி-303இல் இந்த இரண்டு அலைகளும் உண்டு.

அடுத்து வருவது வடிகட்டி. கோப்பித் தூளை வடிகட்டுவதுபோல, ஓர் அளவுக்கு மேற்பட்ட அதிர்வெண்களை அது நிறுத்திவிடும். அந்த அளவைத் திருகியால் கூட்டலாம், குறைக்கலாம். ஒத்ததிர்வு என்று பள்ளியில் படிக்கிறீர்களே, அதற்கும் ஒரு திருகி இருக்கிறது. அதைக் கூட்டினால், வடிகட்டும் எல்லைக்கு அருகில் உள்ள அதிர்வெண்கள் மட்டும் உரத்து ஒலித்து, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போன்ற ‘வியாவ் வியாவ்’ ஓசை எழும். வேண்டாததை வெட்டி எடுத்து ஒலியை உருவாக்கும் இந்த முறை, சிற்பி கல்லைச் செதுக்குவது போன்றது.

பினாங்கு மாணவர்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு 1972இல் இன்டெல் நிறுவனம் வந்தது முதல், டிரான்சிஸ்டரும் சில்லும் நம் குடும்பங்களின் அன்றாடச் சொற்களாகிவிட்டன. அம்மாவோ மாமாவோ அங்கே ‘ஷிப்ட்’ வேலை பார்க்காத வீடு நம் வட்டாரத்தில் குறைவு. அதே வகைப் பாகங்கள் சேர்ந்துதான் இந்தக் கருவிகளைப் பாட வைக்கின்றன. மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள், தங்கள் பாடம் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதை இந்த இசைத்தட்டில் காதால் கேட்கலாம்.

நமக்குத் தெரிந்த ராகங்கள்தாம்

இசைத்தட்டின் பத்துப் பதிவுகளும் ராகங்களின் பெயரையே தாங்கியவை. முதல் பக்கத்தில் பைரவி, லலித், பூபாளி, தோடி, மதுவந்தி. இரண்டாம் பக்கத்தில் மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. எல்லாம் இந்துஸ்தானிப் பெயர்கள். “நமக்குக் கர்நாடக இசையே அரைகுறை, இதில் இந்துஸ்தானி வேறா?” என்று யாரும் பின்வாங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பெயர் எதையும் சொல்லாமல் இசைத்தட்டைப் போட்டேன். மூன்றாவது பதிவு தொடங்கிச் சிறிது நேரத்திற்குள், கோயில் இசை வகுப்புக்குப் போகும் படிவம் 3 மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அக்கா, இது மோகனம்தானே?” ஆம். வடக்கே பூபாளி என்பது நம் மோகனத்தின் சுரங்களே. அடுத்த ஐந்து நிமிடத்தில் மற்றப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். இயந்திர ஒலிக்குள் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டதும் கேட்கும் விதமே மாறிவிடுகிறது.

எளிதாக நினைவில் வைக்க ஒரு பட்டியல் தருகிறேன். பூபாளி, நம் மோகனம். மால்கௌன்ஸ், நம் இந்தோளம். யமன், நம் கல்யாணிக்கு மிக நெருங்கியது. கலாவதி, வலஜியின் சுரங்களைக் கொண்டது. பைராகி, ரேவதியின் சுரங்களைக் கொண்டது. மேக் மல்ஹாரைக் கேட்கும்போது மத்தியமாவதி நினைவுக்கு வரும். மதுவந்தியைக் கேட்கும்போது தர்மவதி நினைவுக்கு வரும்.

இரண்டு பெயர்களில் மட்டும் கவனம் தேவை. இந்துஸ்தானி பைரவி நம் பைரவி அன்று. அதன் அடிப்படைச் சுரங்கள் நம் தோடிக்கு உரியவை. இந்துஸ்தானி தோடியோ நம் தோடி அன்று. அதன் சுரங்கள் சுபபந்துவராளிக்கு உரியவை. ஒரே பெயர், இரண்டு ஊர்களில் இரண்டு ஆள்! சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் பிடிப்புகளும் நடையும் வேறுபடும் என்பதையும் மறக்கக் கூடாது.

வட இந்திய மரபில் ராகங்களுக்குப் பொழுது உண்டு. லலித் விடியலுக்கு முன், தோடி காலையில், யமன் முன்னிரவில், மால்கௌன்ஸ் நள்ளிரவில், மேக் மல்ஹார் மழைக்காலத்தில். சரண்ஜித் சிங் இவை அனைத்தையும் இரவு விடுதியின் நடனத் தாளத்தில் அமர்த்தினார். மரபை அறிந்தவர் மட்டுமே துணிந்து செய்யக்கூடிய குறும்பு இது.

கறுப்புக் கட்டைகளில் ஒரு சோதனை

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கீபோர்டு இல்லாவிட்டால் தொலைபேசியில் உள்ள பியானோ செயலி போதும். கறுப்புக் கட்டைகளைக் கவனியுங்கள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டமாக இருக்கும்.

மூன்று கட்டைகள் உள்ள கூட்டத்தின் முதல் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக மேல்நோக்கி வாசியுங்கள். ஐந்து சுரங்கள் வரும். அதுதான் மோகனம், இசைத்தட்டின் மூன்றாவது பதிவு.

இப்போது அதே கூட்டத்தின் மூன்றாவது கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு, அதே கறுப்புக் கட்டைகளை வாசியுங்கள். மோகனம் மறைந்து இந்தோளம் வந்து நிற்கும்; இசைத்தட்டின் ஒன்பதாவது பதிவு. கூட்டத்தின் இரண்டாவது கட்டையிலிருந்து தொடங்கினால் மத்தியமாவதி. ஐந்து கட்டைகளில் எதுவும் மாறவில்லை. தொடங்கும் இடம் மட்டுமே மாறியது. மகிழ்ச்சியாக ஒலித்தது, கம்பீரமாகவும் சற்றுச் சோகமாகவும் மாறிவிட்டது. இதற்கு நம் இசையில் கிரகபேதம் என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தபோது, சரளி வரிசை எதற்கு என்று கேட்ட மாணவன்தான் அதிக நேரம் கீபோர்டை விடாமல் வைத்திருந்தான். மற்றொரு ராகம் கிடைக்கிறதா என்று மீதியுள்ள இரண்டு கட்டைகளிலிருந்தும் தொடங்கிப் பார்த்தான். கிடைக்கும். சுத்த சாவேரியும் சுத்த தன்யாசியும் அங்கே இருக்கின்றன. எது எந்தக் கட்டையில் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கட்டைகளுக்கு இடையில் இருப்பது

கீபோர்டில் ராகம் வாசிப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நம் இசையில் சுரம் என்பது ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி அன்று. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதும், அசைவதும், தொட்டுத் திரும்புவதும் சேர்ந்துதான் ராகம். நாம் கமகம் என்கிறோம். வடக்கே மீண்ட் என்று ஒரு வகையைச் சொல்கிறார்கள். ஹார்மோனியம் போன்ற கட்டைக் கருவியில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை.

சிந்தசைசரில் இருக்கிறது. ஜூபிட்டர்-8இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு ஒலி வழுக்கிச் செல்ல ஒரு வசதி உண்டு. சுரத்தை வளைக்க ஒரு நெம்புகோலும் உண்டு. டிபி-303இலும் ‘ஸ்லைடு’ என்ற பெயரில் அதே வசதி இருக்கிறது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் நரம்பில் விரலை இழுப்பதைப் போலச் செய்ய அவை அமைக்கப்பட்டவை. சரண்ஜித் சிங் அந்த வசதியில் ராகத்தைக் கண்டார். பைரவியைக் கேட்கும்போது, மேலே பாயும் சுரங்கள் வழுக்கிச் சென்று இறங்குவதைக் கவனியுங்கள். கருவியோடு வந்த கையேட்டில் ராகத்தைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அந்தப் பயன்பாட்டை அவர் கொண்டு வந்தார்.

குறைகளும் உண்டு

எல்லாம் சிறப்பு என்று சொல்லிவிட்டால் ரசனை வளராது. இந்த இசைத்தட்டில் குறைகள் இருக்கின்றன. தாளம் எல்லாப் பதிவுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடுகிறது. ஐந்தாவது பதிவை எட்டும்போது புதியவர்களின் காது களைத்துப்போகலாம். அவசரமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையின் அமைதிக்கு இங்கே இடமில்லை. கீபோர்டின் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் அமைந்தவை என்பதால், நுண்ணிய சுருதி வேறுபாடுகளும் கிடைப்பதில்லை. சாஸ்திரிய இசை கற்ற ஒருவர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் குடியிருப்பில் உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டுவிட்டுச் சொன்னது இன்னும் கூர்மையானது. “மெஷின் அடி எல்லாம் ஒரே கனத்துல விழுதுக்கா. தைப்பூசத்துல நாங்க அடிக்கும்போது காவடி எடுக்கிறவரப் பார்த்துக் கூட்டுவோம், குறைப்போம். இது யாரையும் பார்க்கல.” உண்மைதான். பெட்டிக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. ஆனால் அந்த மாறாத அடியின்மேல் மெட்டு எப்படித் துள்ளுகிறது என்று இரண்டாவது முறை கேட்டபோது அவரே விரலால் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

யார் முதலில்?

மறுவெளியீட்டுக்குப் பிறகு எழுந்த பேச்சு இது. 1987இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ‘ஃபியூச்சர்’ என்ற குழு, ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. யாரும் சீண்டாமல் பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்த டிபி-303ஐ வாங்கி, அதன் திருகிகளைக் கண்டபடி திருகியதில் பிறந்த ஒலி அது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசை வகையே அதிலிருந்து கிளம்பியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் அதே பெட்டிகளைக் கொண்டு ஏறக்குறைய அதே போன்ற ஒலி உருவாகியிருந்தது என்பது தெரியவந்ததும் பலருக்கும் அதிர்ச்சி. இது பழைய தட்டே அன்று, இன்றைக்கு யாரோ செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

“அப்படியானால் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியர்தான்!” என்று நம்மில் சிலர் நெஞ்சை நிமிர்த்தலாம். நான் அவசரப்பட மாட்டேன். சிக்காகோ இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டு அதைச் செய்யவில்லை. சரண்ஜித் சிங்கும் புதிய நடன இசை வகை ஒன்றைத் தொடங்க நினைக்கவில்லை. 1980இல் ‘குர்பானி’, 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ என்று இந்தித் திரையிசை முழுவதும் டிஸ்கோ பரவியிருந்த காலம். தமிழிலும் அதே 1982இல் ‘சகலகலா வல்லவன்’ படத்தின் புத்தாண்டுப் பாடல் வந்தது. இன்றும் நம் ஊரில் டிசம்பர் 31 இரவு அது இல்லாமல் விடிவதில்லை. எல்லோரும் டிஸ்கோ போடும்போது, அதே தாளத்தில் தபேலாவை விட்டுவிட்டு ராகம் வாசித்தால் என்ன என்பதுதான் தம் யோசனை என்று அவர் பின்னாளில் நேர்காணல்களில் விளக்கினார்.

ஒரே கருவி இரண்டு ஊர்களில் இரண்டு வகை மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் கையில் ராகம் இருந்தது. மற்றவர்கள் கையில் சிக்காகோவின் நடன அரங்கு இருந்தது. இருவரும் பெட்டியைச் செய்தவர்கள் எண்ணிப்பாராத ஒன்றைச் செய்தார்கள். இந்தியாவிலேயே சிந்தசைசருக்கு இதற்கும் முந்திய வரலாறு உண்டு. ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவில் வெண்டி கார்லோஸ் ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை மூக்கில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. தமிழ்த் திரையில், 1986இல் வந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களில் இளையராஜா மின்னணு ஒலிகளைத் தாராளமாகக் கையாண்டார். 1992இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர்.ரகுமான், அதற்கு முன் பல ஆண்டுகள் கீபோர்டு கலைஞராக உழைத்தவர். யாரும் வெறுங்கையோடு வரவில்லை.

சரளி வரிசை எதற்கு?

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். டிஆர்-808 தாளம் போட்டது. டிபி-303 சொன்ன சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இரண்டும் அலுக்காமல், பிசகாமல் தம் வேலையைச் செய்தன. ஆனால் கலாவதியில் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும், எதைத் தொட்டுவிட்டு ஓட வேண்டும், லலித்தில் இரண்டு மத்தியமங்களையும் எப்படி அடுத்தடுத்து வைத்தால் காது ஏற்றுக்கொள்ளும் என்பதை எந்தப் பெட்டியும் அவருக்குச் சொல்லவில்லை. அது பல ஆண்டுப் பயிற்சியால் விரலில் ஏறிய அறிவு. அந்த அறிவு இல்லாத ஒருவர் அதே மூன்று பெட்டிகளை வாங்கியிருந்தால், கடையில் வைத்த மாதிரி ஒலிகளைத்தான் மறுபடியும் வாசித்திருப்பார்.

இன்றைய ஏ.ஐ. செயலி அந்தப் பெட்டிகளைவிடப் பல மடங்கு திறமையானது. ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றைய இயந்திரம் அடியை மட்டும் போட்டது. இன்றைய செயலி மெட்டையும் போட்டுவிடுகிறது. ஆனாலும் செயலி தரும் பத்துப் பாட்டுகளில் எது நன்றாக இருக்கிறது, எது வெறும் சத்தம், எங்கே மாற்ற வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு காது வேண்டும். அந்தக் காதைத் தரவிறக்கம் செய்ய முடியாது. சரளி வரிசையும், ஜண்டை வரிசையும், திரும்பத் திரும்ப வாசிக்கும் அலுப்பும் சேர்ந்துதான் அதை உருவாக்குகின்றன. இசைக்கு மட்டுமன்றி, கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் நிரல் எழுதுவதற்கும் இது பொருந்தும்.

அந்தத் தட்டு விற்காமல் போனதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணும் ‘லைக்’கும் உடனே வராத ஒன்றை அவர் முழு மனத்தோடு செய்தார். பாராட்டு வந்தபோது 28 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அதற்குள் அவருடைய வேலை சிறியதாகவும் ஆகவில்லை, பெரியதாகவும் ஆகவில்லை. செய்த அளவில் அப்படியே இருந்தது.

எப்படிக் கேட்பது?

பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை செய்யாதீர்கள். நல்ல காதொலிப்பான் இருந்தால் நல்லது. கைப்பேசி ஒலிபெருக்கியில் பேஸ் ஒலி சரியாகக் கேட்காது. முதலில் பூபாளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை தாளத்தை மட்டும் எண்ணுங்கள். இரண்டாம் முறை அடியில் குமிழியிடும் டிபி-303ஐ மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை மேலே ஓடும் மெட்டைக் கேளுங்கள். நான்காம் முறை மூன்றையும் சேர்த்துக் கேட்டால், முதல் முறை கேட்டது வேறு பாட்டோ என்று தோன்றும்.

பிறகு மால்கௌன்ஸுக்குப் போங்கள். கறுப்புக் கட்டைகளில் நீங்களும் கூடவே வாசித்துப் பாருங்கள். சுருதி பொருந்தாவிட்டால் கீபோர்டின் ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். கர்நாடக இசை கற்கும் நண்பர் ஒருவரையும் தாளக்கருவி வாசிக்கும் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கேட்காதது அவர்களுக்குக் கேட்கும். பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது போதும். எங்கள் வீட்டில் இப்போது யமன் வரை வந்திருக்கிறோம்.